எழுதுனது ஒருத்தன், மாட்டுனது இன்னொருத்தர்: ஒரு ரெசிடென்சி சீசன்ல நடந்தத வச்சு நிகழ்வு ஆய்வு

எதுக்கு எழுதுறேன்

மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரிக்கு மேல மாடி ரூம்ல சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து பன்னெண்டு பேர் கூடுவோம். எல்லாம் எம்பிபிஎஸ் முடிச்ச பிள்ளைங்க, பாதி நீட் பிஜி (இங்க மேல்படிப்பு சீட்டுக்கு), பாதி யூஎஸ்எம்எல்இ (அமெரிக்காவுல டாக்டரா வேல பாக்க எழுதற பரீட்சை). நான் ரெண்டு தடவ அமெரிக்க மேட்ச்ல (ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரில வேல பாத்துக்கிட்டே எடுக்கற ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங், யாருக்கு எங்கன்னு ஒதுக்கற முறை) நின்னு ரெண்டு தடவயும் கெடைக்காம ஊர்லயே கிளினிக் போட்டு உக்காந்தவன், அந்த ஒரு தகுதில எல்லாருக்கும் அண்ணன். அப்ளிகேஷன் பாக்கறது, மாக் இன்டர்வியூ எடுக்கறது, இங்கிலீஷ் திருத்தறது, அவ்வளவுதான் என் வேல.

2024-25 சீசன்ல எங்க பையன் ஒருத்தன் இன்டர்வியூ போன ஒரு புரோகிராமப் (ஒரு ஆஸ்பத்திரி நடத்துற ரெசிடென்சி) பத்தி ஆன்லைன்ல விமர்சனம் எழுதினான், அதுல இருந்து ஒரு பிரச்சனை கெளம்புச்சு. இதுல எனக்கும் பங்கு உண்டு, அத மறைக்கப் போறதில்ல. சம்பந்தப்பட்ட ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன். அங்க மாட்டுன ரெசிடென்ட் "எழுதுங்க, ஆனா எங்க பேட்ச் சைஸ மட்டும் மாத்திடுங்க"ன்னு சொன்னார். மாத்திருக்கேன். அவர் ஏன் அதக் கேட்டார்னு கீழ படிக்கும்போது தெரியும்.

பின்னணி

பையனுக்கு வீடு குலசேகரம் பக்கம். அப்பா கொஞ்சம் ரப்பர் வச்சிருக்கார், அவரே பால் வெட்டி ஷீட் அடிச்சு விக்கறவர். அம்மை வீட்டுலதான். பையன் யூஎஸ்எம்எல்இ-ல ஸ்டெப் 1 பாஸ் (2022 ஜனவரிக்கப்புறம் அதுல மார்க் கெடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான்), ஸ்டெப் 2-ல நல்ல மார்க். இன்டர்னல் மெடிசினுக்கு 120 இடத்துல அப்ளை பண்ணினான். அந்த வருஷ ரேட்டுப்படி முதல் 30-க்கு தலா 11 டாலர், அதுக்கு மேல தலா 30 டாலர், ஆகமொத்தம் 3030 டாலர், நம்ம காசுக்கு ரெண்டரை லட்சம் கிட்ட. அப்ளிகேஷனுக்கு மட்டும் சொல்றேன், பரீட்சை ஃபீஸ் எல்லாம் தனி.

வந்தது 6 இன்டர்வியூ. வெளிநாட்டுல படிச்ச, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத டாக்டர்ங்கள்ல மேட்ச் ஆகறது நூத்துக்கு அறுபதுக்கும் கொஞ்சம் கீழ. அந்த நெலமைல ஆறுல ஒவ்வொண்ணும் ஒரு உசிரு மாதிரி. இத சொல்றதுக்குக் காரணம், "பிடிக்கலன்னா எழுதிட்டுப் போயேன், என்ன கொறஞ்சுது"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் அங்கயே படிச்ச, பதினஞ்சு இன்டர்வியூ கையில இருக்கற ஆளுங்க.

நீட் பிஜி பிள்ளைங்களுக்கு இது புரிய கொஞ்சம் நேரமாச்சு. இங்க ரேங்க் வந்தா கவுன்சிலிங்ல சீட், நீ என்ன எழுதினன்னு பாத்து எந்த காலேஜும் உன்ன வேண்டாம்னு சொல்ல முடியாது. பயம் சேந்ததுக்கப்புறம்தான், மூணு வருஷம் அதே கைடு, அதே கையெழுத்து. அங்க அப்பிடி இல்ல. புரோகிராம் உன்ன நேர்ல பாத்து (இப்போ ஸ்கிரீன்ல பாத்து) ரேங்க் போடும், நீயும் அவங்கள ரேங்க் போடுவ, கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்து முடிவு பண்ணும். அதனால உன்னப் பிடிக்காம போறதுங்கறது ஒரு நேரடி நஷ்டம்.

ஒரே நாள் காலையும் ராத்திரியும்

நவம்பர் மூணாவது வாரம். புரோகிராம் அமெரிக்காவுல நடு மாகாணம் ஒண்ணுல, நடுத்தர சைஸ் ஆஸ்பத்திரி. அங்க புதன்கிழமை ராத்திரி 7 மணிக்கு ரெசிடென்ட்ஸ் மட்டும் இருக்கற ஆன்லைன் சோஷியல் (இன்டர்வியூக்கு வர்றவங்க அவங்களோட சும்மா பேசிப் பழகற கூட்டம்), நமக்கு அது வியாழன் காலைல 6:30. மறுநாள் காலைல 8 மணி இன்டர்வியூ நமக்கு அதே வியாழன் ராத்திரி 7:30. காலைல அப்பா பால் வெட்டப் போயிருக்கார், வெளிய மழ, இவன் பின்னாடி நீல பெட்ஷீட்ட திரையா கட்டிட்டு கோட்டும் கீழ லுங்கியுமா உக்காந்திருக்கான்.

சோஷியல்ல ஒரு ரெண்டாம் வருஷ ரெசிடென்ட், இவன் ஊர் பேரச் சொன்னதும் "எந்த ஊரு மக்கா, நான் நாரோல்காரன்"னு (நாகர்கோவில நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம்) ஆரம்பிச்சுட்டார். நம்பர் குடுத்தார். சோஷியல் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல அரை மணி நேரம் பேச்சு. அதுல அவர் சொன்னது இதுதான். போன மாசம் ஐசியூ பிளாக்ல வாரத்துக்கு 90 மணி நேரம் பக்கம் போயிருக்கு. ட்யூட்டி ஹவர் லாக்ல அத அப்பிடியே போட்டப்போ சீஃப் ரெசிடென்ட் கூப்பிட்டு "டைம் மேனேஜ்மெண்ட் சரியில்லன்னு உனக்குத்தான் கெட்ட பேரு, கொஞ்சம் சரி பண்ணிடு"ன்னு சொல்லி 79-னு மாத்த வச்சிருக்காங்க. ரெண்டு இன்டர்ன் (முதல் வருஷ ரெசிடென்ட்) நடுவுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்க ஆன்-கால் ட்யூட்டி எல்லாம் மிச்சப் பேர் தலையில.

இது சாதாரண பொலம்பல் இல்லன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1984-ல நியூயார்க்ல லிபி ஸயான்னு 18 வயசுப் பொண்ணு ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி சில மணி நேரத்துல செத்துப் போச்சு, பாத்தது அதிக வேலையில இருந்த ரெசிடென்ட்ஸ். அதுல கெளம்பின வழக்கும் சண்டையும் 1989-ல நியூயார்க் மாநிலத்துல வேலை நேர விதியாச்சு, 2003-ல ரெசிடென்சி புரோகிராம்களுக்கு அங்கீகாரம் குடுக்கற ஏசிஜிஎம்இ அமைப்பு நாடு முழுக்க வாரம் 80 மணி நேரம், நாலு வாரச் சராசரி, ஏழு நாள்ல ஒரு நாள் லீவுன்னு கொண்டு வந்துச்சு. அந்த 80-அ காப்பாத்தறதே ரெசிடென்ட் எழுதற லாக்தான், அதையே திருத்துனா அப்புறம் என்ன இருக்கு.

ராத்திரி இன்டர்வியூல வேற கூத்து. பெரியவர் ஒருத்தர் "வேற எங்கெல்லாம் இன்டர்வியூ வந்துருக்கு"ன்னு கேட்டார். அப்புறம் "எங்கள முதல்ல போடுவியா". கடைசில கல்யாணம் எப்போன்னு வேற. மேட்ச் நடத்துற என்ஆர்எம்பி-யோட நடத்தை விதில இத எதையும் புரோகிராம் கேக்கக் கூடாதுன்னு இருக்கு. இவனா விரும்பிச் சொல்லலாம், அவங்க கேக்கக் கூடாது. இவன் சிரிச்சு மழுப்பிட்டு வெளிய வந்து எனக்கு ஃபோன் பண்ணினான், கொரல் நடுங்குது, பயமில்ல, கோவம்.

அந்த 11 வரி

அப்ளிகன்ட்ஸ் எல்லாரும் பேரில்லாம எழுதற ஆன்லைன் ஷீட் ஒவ்வொரு சீசனும் ஓடும், ஒரு புரோகிராமுக்கு ஒரு வரிசை. ஞாயித்துக்கிழமை இவன் 11 வரி எழுதி எனக்கு அனுப்பினான். முதல் 4 வரி இன்டர்வியூல கேட்ட கேள்விங்க. அடுத்த 7 வரி அந்த அண்ணன் சொன்னது: "இப்போ நைட்ஸ்ல இருக்கற ஒரு ரெண்டாம் வருஷ ரெசிடென்ட், தென்னிந்தியாக்காரர், சொன்னார்"னு ஆரம்பிச்சு, ஐசியூ, 90, 79, போன ரெண்டு இன்டர்ன், எல்லாம்.

நான் என்ன பண்ணினேன்? கிராமர் திருத்தினேன். ஒரு இடத்துல டென்ஸ் தப்பு, ஒரு இடத்துல வார்த்தை கொஞ்சம் சூடா இருந்துச்சுன்னு தணிச்சேன். "உன் பேரு எங்கயும் வரலல்ல"ன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டேன். அவன் பேரு வரல. அவ்வளவுதான் நான் பாத்தது, போடுன்னு சொல்லிட்டேன்.

அதுக்குப் பிறகு ஒரு வாரம் ஒண்ணும் நடக்கல. எங்க குரூப்ல குளச்சல்காரப் பொண்ணு ஒண்ணுக்கும் அதே புரோகிராம்ல டிசம்பர்ல இன்டர்வியூ இருந்துச்சு, அவ அத படிச்சுட்டு "நல்லவேளை அண்ணா எழுதினாங்க"ன்னா.

டிசம்பர் 2 ராத்திரி

மறுநாள் சவேரியார் கோயில் திருநாள், மாவட்டத்துக்கே லீவு, கிளினிக்க அடச்சுட்டு லேட்டா சாப்பிட்டுட்டு இருக்கேன், 11 மணிக்கு மேல பையன் கூப்பிட்டான். அந்த ரெசிடென்ட் அப்பதான் அவனக் கூப்பிட்டுருக்கார், அங்க மத்தியானத்துக்கு முன்னாடி, ஆஸ்பத்திரி பார்க்கிங்ல கார்ல கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்து பேசுனாராம். சத்தம் போடல. "மக்கா, அது நீதானே?"ன்னு மட்டும் கேட்டிருக்கார். இவன் ஆமான்னுட்டான்.

ஷீட்ட யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து புரோகிராமுக்கே அனுப்பிட்டாங்க. ரெசிடென்ட்ஸ் மீட்டிங்ல டைரக்டர் அத ஸ்கிரீன்ல போட்டு "இதுல இருக்கறது உண்மையா, யாருக்காவது கொற இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்டாராம், குரல்ல மரியாதைக்குக் கொறவில்லாம. யாரும் வாயத் தெறக்கல. ஆனா எல்லாரும் ஒருத்தரத்தான் பாத்தாங்களாம்.

எப்பிடிக் கண்டுபிடிச்சாங்கன்னு அன்னிக்கு ராத்திரி நான் பிரிஸ்கிரிப்ஷன் பேட் பின்னால கணக்குப் போட்டுப் பாத்தேன். (எண்ணிக்கை மாத்துனது, கணக்கு அதேதான்.) மொத்த ரெசிடென்ட்ஸ் 24. ரெண்டாம் வருஷம்னு சொன்னதும் 8. தென்னிந்தியான்னு சொன்னதும் 2. அந்த வாரம் நைட்ஸ்னு சொன்னதும் 1. மூணு வார்த்தை. நான் டென்ஸ் திருத்தின அதே வரியில மூணும் இருக்கு.

அவருக்கு என்ன போகும்னு இவனுக்கு அப்பதான் ஒறச்சுது. ரெசிடென்சி கான்ட்ராக்ட் வருஷா வருஷம் புதுப்பிக்கறது. அவர் இருக்கறது ஜே-1 விசா (ட்ரெய்னிங்குக்கு வர்றவங்களுக்கு குடுக்கறது), அதுக்கு ஸ்பான்சர் ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டுல படிச்ச டாக்டர்ங்களுக்கு சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்பு), அதையும் வருஷா வருஷம் புரோகிராமோட கான்ட்ராக்ட காட்டித்தான் நீட்டணும். கான்ட்ராக்ட் இல்லன்னா ட்ரெய்னிங்கும் இல்ல, நாட்டுல இருக்கறதுக்கு வழியும் இல்ல. நம்ம பையனுக்கு ஆறுல ஒண்ணு போனா அஞ்சு மிச்சம். அவருக்கு இருக்கறதே ஒண்ணு.

என்ன முடிவு எடுத்தோம்

மறுநாள் லீவுங்கறதால பையனும் அவன் அப்பாவும் பைக்ல என் வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்பா கையில இன்னும் ரப்பர் பாலுக்கு ஊத்தற ஆசிட் வாட, உக்காந்ததும் கேட்டது, "உள்ளதத்தானே எழுதினான் தம்பி, பொய்யா எழுதினான்?" அதுக்கு என்கிட்ட நேரா பதில் இல்ல. உள்ளதுதான்.

முதல்ல, 7 வரிய எடுத்துட்டோம், 4 வரிய விட்டோம். பையன் மொத்தமா அழிச்சுடலாம்னான். எனக்கு அது சரியாப் படல, அந்த கேள்விங்க அவன்கிட்ட நேரடியா கேட்டது, அவன் காதுல விழுந்தது, அதுக்கு அவனே சாட்சி. மத்தது அடுத்தவர் நம்பிச் சொன்னது. எடுத்ததால பெருசா பிரயோஜனம் இல்லன்னும் தெரியும், ஸ்கிரீன்ஷாட் ஏற்கனவே ஊர் சுத்திருச்சு, பழைய வெர்ஷனையும் பாக்கலாம், ஆனாலும் புதுசா படிக்கறவங்க எண்ணிக்கையாவது கொறையுமில்ல.

ரெண்டாவது, புரோகிராமுக்கு ஒண்ணும் எழுதக் கூடாதுன்னு முடிவு. பையன் ஒரு மெயில் டைப் பண்ணி வச்சிருந்தான், "அந்த ரெசிடென்ட் அப்பிடி எதுவும் சொல்லல, நானா யூகிச்சு எழுதினேன்"னு. காப்பாத்தற நெனப்புதான். ஆனா அந்த ஒரு மெயில் போனா "அந்த ரெசிடென்ட்" யாருன்னு இவனே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி, அதோட அது பொய்யும் கூட. இத டிலீட் பண்ண வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சு கோஆர்டினேட்டர்கிட்ட இருந்து இன்டர்வியூ வந்த எல்லாருக்கும் "சந்தேகம் இருந்தா எங்ககிட்ட நேரடியா கேளுங்க"ன்னு பொது மெயில் வந்துச்சு, அதுக்கும் பதில் போடல.

மூணாவது, அவர்கிட்ட மன்னிப்பு. எழுத்துல வேண்டாம், ஃபோன்ல. இவன் கேட்டான். நானும் கேட்டேன், கிராமர் திருத்தினவன் நான்னு சொல்லித்தான் கேட்டேன். ஏசிஜிஎம்இ-கிட்ட புகார் குடுக்க, பேர வெளிய விடாம கவலைய சொல்ல வழி இருக்கு, வருஷா வருஷம் ரெசிடென்ட் சர்வேயும் வரும், அதெல்லாம் யோசிச்சீங்களான்னு கேட்டேன். "அண்ணே, அது நான் பாத்துக்கறேன். இனி எனக்காக யாரும் எதுவும் எழுதாதீங்க"ன்னார். அதோட அந்தப் பேச்ச விட்டுட்டோம், அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

ரேங்க் லிஸ்ட்

2025 பிப்ரவரி. இந்தப் புரோகிராம லிஸ்ட்ல போடவா வேண்டாமா? மார்ச் 5 ராத்திரி 9 மணி அமெரிக்க கிழக்கு நேரம் கடைசி, நமக்கு மார்ச் 6 காலைல 7:30.

நான் கடைசில, ஆறாவதா போடுன்னேன். மேட்ச் கணக்கு அப்ளிகன்ட் பக்கம் இருந்து ஓடறது (இப்போ ஓடற முறைய வடிவமைச்ச ஆல்வின் ராத்துக்கு 2012-ல பொருளாதார நோபல் கெடச்சுது), கடைசில ஒண்ண போடறதால மேல இருக்கற அஞ்சுக்கு ஒரு பாதிப்பும் வராது. பாக்க வேண்டியது ஒண்ணுதான், எங்கயும் கெடைக்காம ஊர்ல இன்னொரு வருஷம் இருக்கறத விட அங்க போறது மேலா? மேட்ச் ஆயிட்டா போயே ஆகணும், போகலன்னா விதிமீறல், மேட்ச்ல சேர விடாம தடையே வரலாம். 90 மணி நேரம்னு தெரிஞ்சும் நான் மேலன்னேன், ரெண்டு தடவ கெடைக்காதவன் அப்பிடித்தான் சொல்லுவான். அம்மை ஒரு படி மேல போய் அதையே முதல்ல போடச் சொன்னாங்க, "தமிழ் பேசுற ஆளு இருக்குல்லா".

பையன் ரெண்டு நாள் பேசல. அப்புறம் அஞ்ச மட்டும் போட்டு லாக் பண்ணிட்டான். "போனா அந்த அண்ணன் முகத்துல எப்பிடிண்ணே முழிக்க." எனக்கு அது சரின்னு தோணல, இப்பவும் தோணல, ஆனா லிஸ்ட் அவனோடது.

மார்ச், அதுக்கப்புறம்

மார்ச் 17 திங்கள் ராத்திரி மேட்ச் ஆச்சுன்னு மெயில். வெள்ளி 21-ஆம் தேதி ராத்திரி 9:30-க்கு எங்கன்னு தெரிஞ்சுது, மூணாவதா போட்ட இடம். அதனால ஆறாவதா அத போட்டிருந்தாலும் ஒண்ணும் மாறிருக்காது. அந்தப் புரோகிராம் இவன ரேங்க் பண்ணுச்சா இல்லயாங்கறது யாருக்கும் தெரிய வழியே இல்ல, எழுதினதால அப்ளிகன்டுக்கு நஷ்டமான்னு கேக்கறவங்களுக்கு இந்தக் கேஸ்ல இருந்து பதில் எடுக்க முடியாது.

மேட்ச் முடிஞ்ச வாரம் இவன் இன்டர்வியூல கேட்ட கேள்விங்கள என்ஆர்எம்பி-க்கு தன் பேரோட புகாரா எழுதிக் குடுத்தான். அந்த 4 வரி மட்டும்.

ரெசிடென்ட்டுக்கு மூணாம் வருஷ கான்ட்ராக்ட் வந்துச்சு, கூட இருந்தவங்களுக்கு வந்து மூணு வாரம் கழிச்சு. அந்த மூணு வாரமும் அவர் வீட்டுல யாருக்கும் சொல்லல, நாகர்கோவில்ல அவர் அம்மா வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் பேசிட்டு இருந்தாங்களாம். சீஃப் ட்யூட்டி லாக்க மாத்தச் சொல்றது கொஞ்ச நாள் நின்னுதுன்னும், மறுபடி வேற மாதிரி ஆரம்பிச்சுதுன்னும் சொன்னார். பையனோட பேசறத நிறுத்திட்டார். என்கிட்ட எப்பவாச்சும் பேசுவார்.

குளச்சல் பொண்ணு கதை வேற பக்கம். அந்த 11 வரியும் இருந்தப்பவே படிச்சவ, தன்னோட சோஷியல்ல "கடைசி மூணு வருஷத்துல எத்தன பேர் நடுவுல போனாங்க"ன்னு பொதுவா கேட்டிருக்கா. ஸ்கிரீன்ல ஆறு மூஞ்சி, யாரும் அன்மியூட் பண்ணல, பத்து செகண்ட் அமைதி. அந்த அமைதியப் பாத்து லிஸ்ட்ல கீழ தள்ளிட்டா. ஆக அந்த ஏழு வரியால ஒருத்திக்கு நல்லதும் நடந்துருக்கு.

இப்போ என்ன மாத்திருக்கோம்

எழுதவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். யாரும் எழுதலன்னா அடுத்த வருஷம் குலசேகரத்துல இருந்தோ கருங்கல்ல இருந்தோ ஒரு பிள்ள கண்ணக் கட்டிட்டு ரெண்டரை லட்சம் கட்டும். ஆனா அப்ளிகன்டா இருக்கும்போது நாலு மணி நேரம் ஸ்கிரீன்ல பாத்தது தவிர நம்ம கையில சொந்தமா இருக்கறது ரொம்பக் கம்மி, மிச்சம் எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டவங்க வாயில இருந்து வர்றது. அதனால இப்போ குரூப்ல நான் சொல்றது, உனக்கே நடந்தத எழுது, அதையும் லிஸ்ட் லாக் ஆனதுக்கப்புறம் எழுது. அடுத்தவர் சொன்னத எழுதணும்னா அவர்கிட்ட கேளு, இந்த வார்த்தையிலதான் எழுதப் போறேன்னு காட்டிக் கேளு. அவர் சரின்னாலும் என் பிரிஸ்கிரிப்ஷன் பேட் கணக்க போடு, அஞ்சு பேருக்குக் கீழ வந்தா அந்த விவரத்த எடு. யாராவது ட்ராஃப்ட் அனுப்பினா இப்போ நான் கிராமர் பாக்கறதுக்கு முன்னாடி இந்த எண்ணிக்கையத்தான் பாக்கறேன்.

நீட் பிஜி பசங்க டெலிகிராம்ல "அந்த டிபார்ட்மென்ட் டாக்ஸிக்கா"ன்னு கேக்கறதுக்கும் இதேதான். நம்ம 1992 ரெசிடென்சி ஸ்கீம்ல ஒரேயடியா 12 மணி நேரத்துக்கு மேல கூடாது, வாரம் 48-னு பேப்பர்ல இருக்கு, எந்த வார்டுல நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு யூனிட்ல வருஷத்துக்கு ரெண்டு பிஜி. அங்க கணக்கே போட வேண்டாம், ஆள் தெரிஞ்சுரும்.

பையன் ஜூலைல இன்டர்னா சேந்துட்டான். நவம்பர்ல அவன் புரோகிராம் சோஷியலுக்கு முதல் தடவ ரெசிடென்ட் பக்கம் உக்காந்தான், முடிஞ்சதும் கூப்பிட்டான். யாரோ ஒரு பையன் ட்யூட்டி லாக் ஒழுங்கா எழுத விடுவாங்களான்னு கேட்டானாம், பேச்சப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இருந்துச்சாம். "உள்ளதச் சொன்னேண்ணே, எல்லாரும் கேக்கும்படி சொன்னேன். எந்த ஊருன்னு மட்டும் கேக்கல."